கடனா, கன்வீனர் கையெழுத்தா: எது மனுவைக் கெடுக்கும்?

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரமுள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கிராமப் பஞ்சாயத்து வார்டு ஒன்றில் சுயேச்சையாக நிற்க எண்ணியிருக்கிறேன். வயது 23. ரத்ததானம், வாசகசாலை என்று ஊர் வேலை பார்ப்பவன். கூட்டுறவுச் சங்கத்தில் என் பயிர்க்கடன் தவணை தவறியிருக்கிறது. எங்கள் தெருச் சாக்கடைப் பணிக்குப் பயனாளிகள் குழு (பணியால் பயன்பெறும் ஊர்க்காரர்களின் குழு) கன்வீனராகப் பஞ்சாயத்துடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன். கடன் இருப்பதால் மனு தள்ளுபடியாகும், 5,000 ரூபாய் தந்தால் சரிசெய்கிறேன் என்கிறார் ஒருவர். தரலாமா?

பதில்: ஒரு காசும் தராதீர்கள். அந்தக் கடனால் உங்கள் மனு விழாது. அரசுக்கோ பஞ்சாயத்துக்கோ நீங்கள் பாக்கி வைத்து, நோட்டீஸ் வந்து, கெடுவும் தாண்டியிருந்தால்தான் சிக்கல். வங்கி, கூட்டுறவுச் சங்கம், கே.எஸ்.எஃப்.இ. (கேரள அரசின் சீட்டு நிறுவனம்) சிட்டி ஆகியவற்றில் உள்ள பாக்கி அந்தக் கணக்கில் சேராது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், தரகர்கள் பிழைப்பதே இந்தப் பயத்தில்தான். சங்கத்தில் 40 ஆயிரம் பாக்கி வைத்திருப்பவரும் நிற்கலாம். நோட்டீஸ் வாங்கிய கட்டட வரியை விட்டுவைத்தவருக்குத்தான் ஆபத்து.

உங்களை உண்மையில் கவிழ்க்கக்கூடியது அந்தச் சாக்கடை ஒப்பந்தம்தான். கன்வீனராக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருக்குப் பஞ்சாயத்துடன் நடப்பு ஒப்பந்தம் இருப்பதாகவே மாநிலத் தேர்தல் ஆணையம் கருதுகிறது. அது தகுதியிழப்பு. ஊருக்காகச் சம்பளமில்லாமல் அலைந்தவனையும் ஒப்பந்தக்காரனையும் ஒரே தட்டில் வைக்கும் விதி, என்ன சொல்ல! பணியை முடித்து, கடைசி பில்லையும் தீர்த்து, கணக்கு முடிந்ததாகப் பஞ்சாயத்துச் செயலாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். 'போய் வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்' என்று அவர் வாயால் சொல்வது மனுப் பரிசீலனை நாளில் உதவாது. பஞ்சாயத்துக் கடையறையை வாடகைக்கு எடுத்திருப்பது மட்டும் தடையல்ல.

இன்னொரு எல்லையோரப் பொறி. சட்டமன்ற வாக்காளர் அட்டையைக் காட்டிப் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். உள்ளாட்சித் தேர்தலுக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் அந்தப் பஞ்சாயத்தின் ஏதாவது ஒரு வார்டில் உங்கள் பெயர் வேண்டும். முன்மொழிபவர் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராகவே இருக்க வேண்டும்; சித்தப்பா அடுத்த வார்டுக்காரர் என்றால் அவர் கையெழுத்து வீண். பொள்ளாச்சிப் பக்கமும் பெயர் இருந்தால் இப்போதே நீக்குங்கள்.

வேட்புமனுவுக்கு 2-ஆம் எண் படிவம். சொத்து, கடன், வழக்கு விவரங்களுக்கு 2ஏ. 2025 தேர்தலில் கிராமப் பஞ்சாயத்துக்கு வைப்புத்தொகை 2,000 ரூபாய், பட்டியலினத்தவருக்குப் பாதி. படிவம் மலையாளத்தில் கைக்கு வந்தால் பள்ளி ஆசிரியர் ஒருவரை அருகில் வைத்து நிரப்புங்கள். தரகர் எதற்கு? பணம் கட்டிய ரசீது உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

செலவு வரம்பு 25,000 ரூபாய். வென்றாலும் தோற்றாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். தோற்ற சலிப்பில் விட்டுவிட்டால் 5 ஆண்டுத் தடை வரலாம். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகத்தைவிட்டு இறங்காதீர்கள்.