ஜேர்பிலும் மட்டக்களப்பு ஈரக்காற்றும்: கேள்வி பதில்

வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடத்தின் விலங்குக் கூடத்தில் 11 வருடம் ஜேர்பில் என்ற எலி வகையைப் பராமரித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். இப்போது மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறேன். ஆய்வுக்காக ஜேர்பில் வளர்ப்பவர்களும் வளர்க்க நினைப்பவர்களுமாகச் சிலர் ஒரு சனிக்கிழமை பின்னேரம் என் வீட்டு விறாந்தையில் கூடினார்கள். மூன்று முறை தேத்தண்ணி போட வேண்டியிருந்தது. அன்று கேட்டதையும் சொன்னதையும் எழுதிவைத்திருக்கிறேன்.

கேள்வி (வந்தாறுமூலை மாணவி): சேர், ஜேர்பில் என்பது நம் பற்றைக்காட்டில் ஓடுகிற எலிதானே? அதையே பிடித்து வளர்த்தால் என்ன?

பதில்: ஒன்றுவிட்ட சொந்தம் என்று சொல்லலாம் மகள். இலங்கையின் வரண்ட பகுதிகளில் தட்டேரா இண்டிகா என்ற ஜேர்பில் இனம் இருக்கிறது. ஆனால் ஆய்வுகூடத்தில் வளர்ப்பது மொங்கோலிய ஜேர்பில். மொங்கோலியாவிலும் வடசீனாவிலும் உள்ள காய்ந்த புல்வெளிகள்தான் அதன் பூர்வீகம். 1935இல் அமூர் ஆற்றுப் பக்கம் பிடித்த 20 சோடிகளை யப்பானுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வழியில் வந்த 11 சோடிகள் 1954இல் அமெரிக்காவுக்குப் போயின. இன்று ஆய்வுகூடங்களில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்தச் சின்னக் குடும்பத்தின் வாரிசுகள். பற்றைக்குள் பிடித்த எலிக்கு வயது என்ன, என்ன நோய் என்று யாருக்கும் தெரியாது. அதை உள்ளே கொண்டுவந்தால் கூடம் முழுவதற்கும் நோயைக் கொண்டுவந்த மாதிரி.

கேள்வி (அதே மாணவியின் தோழி): வெள்ளை எலி, சுண்டெலி எல்லாம் இருக்கும்போது இது எதற்கு?

பதில்: சில வேலைக்கு இதை விட்டால் வேறு இல்லை. நமக்கு மூளையின் அடியில் இரத்தக் குழாய்கள் ஒரு வளையமாக இணைந்திருக்கின்றன. ஒரு பக்கம் அடைத்தாலும் மற்றப் பக்கத்தால் இரத்தம் போகும். பெரும்பாலான ஜேர்பில்களுக்கு அந்த வளையம் பின்பக்கம் பூர்த்தியாகவில்லை. அதனால் கழுத்துக் குழாய்கள் இரண்டையும் 5 நிமிடம் கட்டி அவிழ்த்தாலே மூளையின் குறிப்பிட்ட பகுதியில் கலங்கள் சாகும். அதுவும் உடனே இல்லை, சில நாட்கள் கழித்து. பாரிசவாத ஆய்வுக்கு இது எவ்வளவு பெறுமதி என்று யோசியுங்கள். இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபக்டர் கிருமி இதன் இரைப்பையில் புண்ணையும் புற்றுநோயையும் உண்டாக்கும் என்று 1990களில் யப்பானியர் காட்டினார்கள். யானைக்கால் நோய்ப் புழுக்களில் புரூகியா வகையும் இதற்குள் வளரும். கேள்திறன் பற்றிய ஆய்விலும் இதற்கு மதிப்பு உண்டு. தாழ்ந்த ஒலிகளை நம்மைப் போலவே கேட்கும்.

கேள்வி (ஆய்வுகூட உதவியாளர், மட்டக்களப்பு): மாரி தொடங்கினால் எங்கள் எலிகளின் மூக்கைச் சுற்றிச் சிவந்து மயிர் உதிர்கிறது. உடம்பு மயிரும் எண்ணெய் பூசின மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. மூக்கில் இரத்தம் போல ஒன்று தெரிகிறது. சண்டை பிடித்ததா, வருத்தமா?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் உங்களை எல்லாம் வரச் சொன்னேன் என்றுகூடச் சொல்லலாம். தம்பி, அது இரத்தம் இல்லை. கண்ணுக்குப் பின்னால் ஹார்டேரியன் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து போர்பிரின் என்ற சிவப்புப் பொருள் வடிந்து மூக்குக்கு வரும். சந்தேகமென்றால் கடைக்காரர் கள்ள நோட்டுப் பார்க்க வைத்திருக்கிற அந்த ஊதா விளக்கைப் பிடித்துப் பாருங்கள். போர்பிரின் சிவப்பாக ஒளிரும், இரத்தம் ஒளிராது.

காய்ந்த ஊரில் அந்த எலி மணலில் புரண்டு இதையெல்லாம் துடைத்துவிடும். நம் ஊரில் காற்றே நனைந்து கிடக்கிறது. ஜேர்பிலுக்கு ஈரப்பதன் 30இலிருந்து 50 சதவீதம் வரை இருந்தால் நல்லது. 50ஐத் தாண்டினால் மயிர் ஒட்டத் தொடங்கும். மட்டக்களப்பில் வாடைக்காற்றுக் காலத்தில் என்ன அளவு இருக்கும் என்று நான் சொல்லவா வேண்டும், காயப்போட்ட சாரம் இரண்டு நாளாகக் காயாமல் கிடப்பதே சொல்லும். மூக்கில் தேங்கிய போர்பிரின் தோலை எரிக்க, எலி சொறிய, புண்ணில் ஸ்டெபைலோகொக்கஸ் கிருமி ஏற, நீங்கள் பார்த்தது வந்துவிடும். கூட்டில் நெரிசலும் பதற்றமும் இருந்தால் இன்னும் மோசம். ஆனி, ஆடியில் காய்ந்த கச்சான்காற்று அடிக்கும்போது அதே எலிகளின் மயிர் பளபளவென்று இருப்பதைக் கவனித்திருப்பீர்களே?

என்ன செய்யலாம்? முதலில் ஈரப்பதன்மானி ஒன்று வாங்குங்கள். ஏசிக்கு முன்னால் அதை வாங்கச் சொல்வேன். அதை அறைச் சுவரில் மாட்டாமல், ஓர் இரவு வெறுங்கூட்டுக்குள் படுக்கையோடு வைத்துப் பாருங்கள். அறையில் 55 காட்டும்போது கூட்டுக்குள் 70 இருந்ததை நான் கண்டிருக்கிறேன். அப்போது குற்றவாளி ஒழுகுகிற தண்ணீர்ப் போத்தல். ஏசி ஓரளவு ஈரத்தை எடுக்கும். மாரியில் அது போதாது, ஈரமுறிஞ்சி இயந்திரம் தனியாக வேண்டும். அப்புறம் மணல் குளிப்பு. ஒரு தட்டையான பாத்திரத்தில் நுண்ணிய சுத்தமான மணல் போட்டு, வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் கால்மணி நேரம் வையுங்கள். உருண்டு புரளுவதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். கல்லடிக் கடற்கரையில் அள்ளி வந்த மணலை அப்படியே போடாதீர்கள், உப்பு. நன்றாகக் கழுவி, அரித்து, கிருமி நீக்கி, எலும்பாகக் காயவைத்த பிறகுதான். புண்ணை இளஞ்சூட்டு உப்புக் கரைசலால் துடைக்கலாம். ஆழமாகப் போயிருந்தால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். ஆனால் கூடு காயாமல் மருந்து மட்டும் போட்டால் ஒரு கிழமையில் திரும்ப வந்துவிடும்.

கேள்வி (சம்மாந்துறையிலிருந்து வந்தவர்): சேர், எங்கள் பக்கம் அரிசி ஆலை நிறைய. உமி சும்மாவே கிடைக்கும். படுக்கைக்குப் போடலாமா?

பதில்: எலிக் கூடங்களில் உமி போடுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. எனக்கு மனம் ஒப்பாது. விளிம்பு கூர், தூசி அதிகம், ஆலையில் காட்டெலி அதன்மேல் சிறுநீர் கழித்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உமியில் சுரங்கம் நிற்காது, சரிந்துவிடும். தோண்டுவதுதான் இந்த எலியின் பிழைப்பு. மருந்தடிக்காத மரம் என்று உறுதியாகத் தெரிந்தால் மரச்சீவல் போடுங்கள், 121 பாகை நீராவியில் அவித்து, திரும்பக் காயவைத்து. காய்வதற்கு முன் போட்டால் மட்டக்களப்புத் தம்பி கேட்ட மூக்குப் புண்ணுக்கே வந்து நிற்பீர்கள். கூட வெள்ளைக் கடதாசிக் கீலங்களும் போடுங்கள். கிழித்துக் கூடு கட்டும்.

இன்னொன்று. கூட்டு மூலையில் ஓயாமல் சுரண்டிக்கொண்டே இருக்கும் ஜேர்பிலைப் பார்த்திருப்பீர்கள். தோண்ட மண் இல்லாததால் என்றுதான் நானும் நினைத்தேன். 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வு வேறு மாதிரிச் சொன்னது: தோண்ட மணல் கொடுத்த குட்டிகளும் சுரண்டின, சுரங்கப் பாதையோடு இருட்டறை கொடுத்த குட்டிகள் சுரண்டவில்லை. அதற்குத் தேவைப்பட்டது தோண்டும் வேலையில்லை, ஒளிய ஒரு வளை. ஒரு சின்ன இருட்டுப் பெட்டியும் அதற்குள் போக ஒரு துண்டு பிவிசி குழாயும் போதும். செலவு என்ன, ஒரு பிளேன்டீக் காசு.

கேள்வி: வாலைப் பிடித்துத் தூக்கினால் ஏன் ஏசுகிறார்கள்?

பதில்: நான் ஏச்சு வாங்கியவன். வேலைக்குப் போன முதல் மாதம், சுண்டெலியைப் பிடிக்கிற மாதிரி வால் நுனியைப் பிடித்தேன். எலி துள்ளியது. மயிரோடு வால் தோல் முழுக்க உறை கழன்ற மாதிரி என் விரலில் வந்துவிட்டது, எலியிடம் எலும்பு மட்டும். பிறகு மிருக வைத்தியர் அந்த வாலை வெட்டவேண்டி வந்தது. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளுகிற மாதிரி அள்ளுங்கள். அல்லது நான் சொன்ன குழாய்க்குள் புகவிட்டு, குழாயோடு தூக்குங்கள். கட்டாயம் வாலைப் பிடிக்கத்தான் வேண்டுமென்றால் உடம்போடு ஒட்டிய அடிப்பக்கத்தை மட்டும்.

கேள்வி (ஒலுவில் பக்க மாணவர்): கூடு மாற்றும்போது ஒன்று விறைத்து, காது துடித்து, விழுந்து இழுத்தது. செத்துவிட்டது என்று நினைத்தோம். இரண்டு நிமிடத்தில் எழும்பி விதை கொறிக்கிறது! நஞ்சு ஏதும் பட்டிருக்குமா?

பதில்: நஞ்சில்லை தம்பி, வலிப்பு. ஜேர்பில்களில் 20 முதல் 40 சதவீதத்துக்கு இது இருக்கிறது, பரம்பரை. இரண்டு மாத வயதளவில் தொடங்கும். புதுக்கூடு, புதுக்கை, திடீர்ச் சத்தம் போதும். அந்த நேரம் பிடிக்காதீர்கள், வாயில் தண்ணீர் விடாதீர்கள், இரும்பைக் கையில் கொடுக்கிற யோசனையும் வேண்டாம். (சிரிக்காதீர்கள், ஒரு கூடத்தில் சாவியைப் பக்கத்தில் வைத்ததை என் கண்ணால் பார்த்தேன்.) விளக்கைக் குறைத்து விட்டுவிடுங்கள். சாதாரணமாக எந்தப் பாதிப்பும் மிஞ்சாது, மருந்தும் வேண்டாம். ஆனால் பதிவேட்டில் எழுதுங்கள், அந்த எலியை இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள். குட்டியாக இருக்கும்போதே தினமும் மெதுவாகக் கையிலெடுத்துப் பழக்கினால் பிறகு வலிப்புக் குறையும். சத்திரசிகிச்சை செய்பவர்கள் கவனம்: அசிப்புரோமசின் என்ற அமைதிப்படுத்தும் மருந்து வலிப்பைத் தூண்டக்கூடியது, தவிர்ப்பது நல்லது.

கேள்வி: சூரியகாந்தி விதை கொடுத்தால் மற்றதைத் தொடுவதில்லை.

பதில்: பிள்ளைக்கு டொபி கொடுத்தால் சோறு தின்னுமா? அதில் கொழுப்பு அதிகம், கல்சியம் குறைவு. குளிகைத் தீனியைக் கொடுங்கள், விதை கையில் பழக்குவதற்கு மட்டும். 100 கிராம் எலி ஒரு நாளைக்கு 5 முதல் 8 கிராம் தின்னும், 4 முதல் 7 மில்லிலீற்றர் குடிக்கும். காய்ந்த நிலத்து விலங்கு, தண்ணீர் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி (உதவியாளர், அம்பாறை): சோடி சேர்த்தால் கடித்துக் குதறுகின்றன.

பதில்: எத்தனை வயதில் சேர்த்தீர்கள்? நான்கு மாதமா, அதுதான். 7, 8 கிழமைக்குள் சேர்க்க வேண்டும். சேர்ந்தால் சாகும்வரை அதே சோடி. தகப்பனைப் பிரிக்கவே வேண்டாம், குட்டிக்கு அவனும் சூடு கொடுப்பான். ஒன்று செத்தால் மற்றதுக்கு மறுமணம் பேசப்போகாதீர்கள், அதிலும் வயதுபோன பெட்டை விடாது, கொன்றுவிடும். கர்ப்பம் 24 முதல் 26 நாள். ஆனால் குட்டி போட்ட உடனே திரும்பக் கருத்தரிக்கும்; பால் கொடுத்துக்கொண்டிருந்தால் அந்தக் கரு ஒட்டாமல் காத்திருக்கும். அதனால் நாள் கணக்குப் பிந்தினால் பயப்பட வேண்டாம்.

கேள்வி: காயத்துக்கு மாட்டுக்குப் போடுகிற பெனிசிலின்-ஸ்ட்ரெப்ரோமைசின் ஊசி போடலாமா?

பதில்: கூடாது. ஸ்ட்ரெப்ரோமைசின் ஜேர்பிலின் நரம்பும் தசையும் பேசுவதையே நிறுத்திவிடும், சில நிமிடத்தில் சாகும். மாட்டு வைத்தியரின் பையில் எப்போதும் இருக்கிற மருந்து என்பதால்தான் இதைச் சத்தமாகச் சொல்கிறேன். அறைக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி (சம்மாந்துறைக்காரரே): பால் மறந்த குட்டிகள் ஒரே கிழமையில் நாலைந்து செத்தன. முதல் நாள் கூனிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். வெட்டிப் பார்த்தபோது ஈரலில் வெளிறிய புள்ளிகள்.

பதில்: உமி போட்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள் நானா. எனக்கு டைசர் நோய் மணக்கிறது. குளொஸ்ட்ரிடியம் பிலிஃபோர்மே என்ற கிருமி, ஜேர்பிலை வதைக்கும் அளவுக்கு வேறு எலியை வதைக்காது. வேறு எலிகளின் கூடத்தில் இந்த நோய் இருக்கிறதா என்று பார்க்க ஜேர்பிலைக் காவல் வைப்பதும் உண்டு. அதன் வித்து, அதாவது கிருமி உறங்கிக் கிடக்கும் நிலை, படுக்கையில் ஒரு வருடத்துக்கு மேலும் கிடக்கும். ஸ்பிரிட் துடைத்தால் சாகாது, 0.3 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் வேண்டும், அல்லது நீராவி. ஈரல் துண்டை ஃபோர்மலினில் போட்டு நோயியல் பரிசோதனைக்கு அனுப்பி உறுதிப்படுத்துங்கள். அதுவரை அந்த அறையிலிருந்து ஒரு கூடும் வெளியே போகக்கூடாது, ஒரு எலியும் உள்ளே வரக்கூடாது. காட்டெலி புகுகிற ஓட்டையை இன்றைக்கே அடையுங்கள்.

கேள்வி: எறும்பு? கரண்ட் போனால்?

பதில்: நெருப்பெறும்பு கண் திறக்காத குட்டியை ஓர் இரவில் முடித்துவிடும். கூடு வைத்த தட்டின் கால்களை எண்ணெய்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். பூச்சிமருந்து அடிக்காதீர்கள், எலியின் ஈரல் வேலை செய்யும் விதம் மாறும், உங்கள் ஆய்வு முடிவும் மாறும். கரண்ட் போனால் தண்ணீர்ப் போத்தலை உறையவைத்து, துணி சுற்றி, கூட்டுக்கு வெளியே சாய்த்து வையுங்கள். எலிமேல் தண்ணீர் தெளித்தால் சூட்டோடு ஈரமும் சேரும்.

கேள்வி (ஒரு தாய், மகளைக் கூட்டிப்போக வந்தவர்): ஐயா, இவள் இந்த வேலைக்குப் போய் எலிக்காய்ச்சலைக் கொண்டுவர மாட்டாளா?

பதில்: அம்மா, எலிக்காய்ச்சல் வயலிலும் வெள்ளத்திலும் காட்டெலியிடமிருந்து வருவது. சுத்தமாகப் பிறந்து வளர்ந்த கூட்டு எலியிடம் அந்தப் பயம் மிகக் குறைவு. எனக்குப் பயம் ஒவ்வாமையில்தான். மயிர், சிறுநீர், தூசி என்று வருடக்கணக்கில் மூச்சில் போனால் தும்மலில் தொடங்கி ஈளையில் முடியலாம். கையுறையும் முகக்கவசமும் போடுகிறாளா என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடுப்பை மாற்றட்டும்.

கேள்வி (அதே தாயின் சின்ன மகன்): ஆய்வு முடிந்தால் எனக்கு ஒன்று தருவீங்களா?

பதில்: இல்லை ராசா. ஆய்வுக்கு வந்த எலி ஆய்வுகூடக் கணக்கில் இருக்கிறது, நெறிமுறைக் குழு எழுதித் தராமல் அந்த வாசலைத் தாண்டாது. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் வீட்டில் வளர்ப்பதற்கே தடை. தப்பி ஓடிக் காய்ந்த நிலத்தில் பெருகிவிடும் என்ற பயம். உனக்கு ஆசையாக இருந்தால் அக்காவோடு ஒரு நாள் போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று பார். பின்னங்கால் இரண்டாலும் தரையில் தட்டும், டப்டப் என்று. அது மற்ற எலிகளுக்கு ஆபத்து என்று சொல்வது. உன்னைப் பற்றித்தான் சொல்லும்.