நாலு வழி வீதி தருகிறேன் என்பவரிடம் எதைக் கேட்பது?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே. மாகாண சபைத் தேர்தல் வைத்தால் நிற்கப்போவதாகச் சொல்லும் ஒருவர் வீடுவீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்திருக்கிறார். மாங்குளம் - முல்லைத்தீவு வீதியை நாலு வழி ஆக்குவாராம். இரண்டு வருடத்தில் எல்லாக் கிராம வீதிக்கும் காபெற் தார் போடுவாராம். காசை அரசிடமும் புலம்பெயர்ந்த உறவுகளிடமும் எடுப்பாராம். வருகிற ஞாயிறு எங்கள் மாதர் சங்கக் கூட்டத்துக்கு வருகிறார். எங்கோ இடிக்கிறது, ஆனால் எதைப் பிடித்துக் கேட்பதென்று தெரியவில்லை.

பதில்: தங்கச்சி, உங்களுக்கு இடிப்பது நியாயம்தான். காசைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், அந்த வீதி யாருடையது என்று கேளுங்கள். மாகாண வீதி வேலைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இந்த ஒரு கேள்விக்கே பல வாக்குறுதிகள் பதில் இல்லாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

மாங்குளம் - முல்லைத்தீவு வீதி ஏ-34. ஏ, பி வகுப்பு வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் இருப்பவை. மாகாண சபைக்கு உரியவை சி, டி வகுப்பு வீதிகள். உங்கள் ஊருக்குள் ஓடும் பெரும்பாலான ஒழுங்கைகள் பிரதேச சபையுடையவை. வயலுக்குப் போகும் பாதை கமநலத் திணைக்களத்திடமும், குளக்கட்டுப் பாதை நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும் இருக்கலாம். காட்டை ஒட்டிய பாதையை அகட்டப் போனால் வனவளத் திணைக்களம் வந்து நிற்கும். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்திலேயே மாகாணத்துக்குக் கொடுத்த வீதி அதிகாரத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் விலக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே மாகாண சபைக்குப் போக நினைப்பவர் ஏ-34ஐ அகட்டித் தருகிறேன் என்பது, அடுத்த வீட்டுக் கிணற்றை இறைத்துத் தருகிறேன் என்பது போலத்தான். அவர் கொழும்பைக் கேட்கலாம், வற்புறுத்தலாம். அப்படியென்றால் "கேட்பேன்" என்று எழுதட்டும்.

நாலு வழி என்றால் காணியும் வேண்டும். முள்ளியவளைப் பக்கம் எத்தனை வேலி, எத்தனை வீட்டு முகப்பு போகும், அனுமதிப்பத்திரக் காணியில் இருக்கும் சனத்துக்கு நட்டஈடு எப்படி என்பதற்குப் பிரசுரத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் காசு. அளவு பிடிபட ஒரு கணக்குச் சொல்கிறேன். 2025 வரவு செலவுத் திட்டத்தில் வடமாகாணக் கிராமிய வீதிகளுக்கும் பாலங்களுக்கும் 5,000 மில்லியன் ரூபாய் ஒதுக்கினார்கள். முல்லைத்தீவு வட்டுவாகல் பாலம் ஒன்றுக்கு மட்டும் 1,000 மில்லியன். 2009 மே மாதத்தில் நம் சனம் கால்நடையாகக் கடந்த அந்தப் பாலத்துக்குப் பதிலாகப் புதியது கட்டும் வேலை, 2025 செப்டெம்பரில்தான் தொடங்கியது. ஒரு பாலத்துக்கு இவ்வளவு போகும்போது, ஐந்து மாவட்டத்துக்கும் சேர்த்துக் கிடைக்கும் காசில் எல்லாக் கிராம வீதிக்கும் இரண்டு வருடத்தில் காபெற் என்பது எந்தக் கணக்கு?

மாகாண சபைக்கு வரும் காசில் பெரும் பங்கு நிதி ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி மத்திய அரசு தரும் நன்கொடைதான். வெளிநாட்டுக் கடனுக்கு மாகாண சபை தானாகக் கையெழுத்துப் போட முடியாது. கடனை நம்பினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியதும் இடைநடுவில் நின்ற வேலைகள் எத்தனையோ. கடவத்தை - மீரிகம அதிவேக வீதியே நின்றுபோய், 2025இல்தான் மறுபடி தொடங்கியது. புலம்பெயர்ந்த உறவுகளின் காசு என்கிறாரே, அதைச் சபை எந்த நிதியத்தில் வாங்கும்? நிதி சம்பந்தமான நியதிச்சட்டத்தை, அதாவது மாகாண சபை இயற்றும் சட்டத்தை, ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் சபையில் முன்வைக்கவே முடியாது. உறவுகள் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் கொடுப்பது வேறு. பொது வீதிக்குக் கொடுப்பதற்கு வழி இருக்க வேண்டும்.

இதையெல்லாம் விட எனக்கு மனம் கனப்பது ஒன்று இருக்கிறது. பிரசுரத்தில் மதகு, அதாவது வீதிக்கு அடியால் தண்ணீர் கடக்கும் வழி, என்ற சொல் இல்லை என்று நினைக்கிறேன், பாருங்கள். வன்னியில் வீதியைக் கெடுப்பது தண்ணீர். அதற்குப் பிறகுதான் டிப்பர். கிரவல் வீதியின் நடு முதுகு உயர்ந்து, இரு பக்கமும் வடிகால் திறந்திருந்தால் அது பல மாரி தாங்கும். முதுகு படுத்தால் சில்லுத் தடத்தில் தண்ணீர் தேங்கி, அடுத்த மண் டிப்பர் போனதும் குழி விழும். காபெற் போட்டாலும் கதை இதுதான். அடியில் ஈரம் ஊறினால் மேலே தார் ஆமை ஓடு மாதிரி வெடிக்கும். குளம் நிரம்பி வான் பாயும் பாதைக்குக் குறுக்கே போகும் வீதி என்றால் இன்னும் மோசம்.

ஒரு கிராமத்தில் வயல்வெளிக்குக் குறுக்கே வீதியை உயர்த்திக் காபெற் போட்டார்கள். எஸ்டிமேற்றில் நான் மூன்று மதகு எழுதியிருந்தேன். காசு போதாதென்று ஒன்றுதான் கட்டினார்கள், திறப்பு விழாவும் நடந்தது. மாரி வந்தது. வீதி அணைக்கட்டுப் போல நின்று மேற்குப் பக்க வயலை முழுக்க மூழ்கடித்தது. இரவோடிரவாகக் கமக்காரர் மண்வெட்டியோடு வந்து வீதியை வெட்டிவிட்டார்கள். காலையில் நான் போனபோது பழுப்புத் தண்ணீர் வெட்டு வழியாகப் பாய, காபெற்றின் ஓரம் பாய் விளிம்பு போலத் தொங்கியது. வெட்டியவர்களில் என்னால் ஒரு பிழையும் காண முடியவில்லை. பயிரைச் சாக விட்டுவிட்டு இருக்க முடியுமா?

ஆகவே அவரிடம் கேளுங்கள்: எந்த வீதி முதலில், அதில் எத்தனை மதகு, போட்ட பிறகு வருடா வருடம் பராமரிக்க எந்தத் தலைப்பில் காசு? எல்லா வீதியும் என்று சொல்பவரை மூன்று வீதியின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.

சரி, மாகாண சபை ஒன்றும் செய்ய முடியாதா என்றால், முடியும். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸின் வழி அனுமதி மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையின் கையில் இருக்கிறது. இலங்கைப் போக்குவரத்துச் சபையுடன் (இ.போ.ச.) சேர்ந்து நேர அட்டவணை போட வைப்பதற்கும் அவர்கள் முன்நிற்கலாம். காலையில் இரண்டு பஸ் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போய்விட்டு, மத்தியானத்தில் ஒன்றுகூட இல்லாமல் கிளினிக்குக்குப் போன அம்மா மர நிழலில் மூன்று மணித்தியாலம் இருப்பது உங்கள் ஊரிலும் நடக்கும். அதைத் திருத்துவதற்குக் கோடிகள் தேவையில்லை. தேசிய போக்குவரத்து ஆணைக்குழு மானியம் கொடுத்து நடத்தும் 'சிசு சரிய' மாணவர் பஸ்ஸை உங்கள் வழிக்குக் கேட்டு வாங்குவதற்கும் ஒரு மாகாண சபை உறுப்பினர் அலையலாம். தன் கைக்கு எட்டும் பஸ்ஸைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எழுதாமல், எட்டாத நாலு வழியைத் தலைப்பில் போட்டிருப்பதுதான் இந்தத் திட்டத்தின் பெரிய குறை. என் விமர்சனம் முழுக்க இதற்குள் அடங்கிவிடும்.

ஞாயிறுக்கு முன் பிரதேச சபைக்குப் போய், உங்கள் ஊரில் முக்கியமான மூன்று வீதிகள் யாருடைய பதிவேட்டில் இருக்கின்றன என்று கேளுங்கள். வாய்மொழிப் பதில் சரிவராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். கூட்டத்துக்குள் அது வந்து சேராது, ஆனாலும் தேர்தலுக்கு முன் கையில் இருக்கும்.

கூட்டத்தில் சத்தம் போட வேண்டாம். பஸ் கேள்வியை, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பும் ஒரு தாய் கேட்கட்டும். மதகுக் கேள்வியை வயல் செய்பவர் கேட்கட்டும். அவர் சொல்லும் பதிலைச் சங்கத்தின் கூட்டறிக்கைப் புத்தகத்தில் அப்படியே எழுதி, வாசித்துக் காட்டி, கீழே அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.