பழைய வீதிகளைப் படிக்க விரும்பும் பெண்ணுக்கு எதற்குக் கணினி சீட்?

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கணக்கும் இயற்பியலும் நன்றாக வரும். விடுமுறைக்குப் புதுச்சேரியில் அத்தை வீட்டுக்குப் போனால், நோட்டு நிறையப் பழைய வீடுகளின் கதவையும் தூணையும் வரைந்துகொண்டு திரும்புகிறாள். பழைய நகரங்களின் கட்டடங்களைச் சீர்செய்யும் படிப்புதான் வேண்டும் என்கிறாள். பெரியப்பாவோ ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் சீட்டுக்குப் பேசி முடித்துவிட்டார். பணத்துக்கு ஊரில் இருக்கும் நிலத்தை அடமானம் வைப்பதாகத் திட்டம். “அவள் மனதை எப்படி மாற்றுவது?” என்று கேட்கிறார் தந்தை.

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் மாற்ற வேண்டியது அவள் மனதை அல்ல, அந்தத் திட்டத்தை. பிடிக்காத படிப்புக்கு நிலத்தை அடகு வைத்தால், நான்கு வருடம் கழித்துக் கடனும் இருக்கும், வேலை தேடும் பட்டதாரிக் கூட்டத்தில் ஆர்வமில்லாத ஒரு பெண்ணும் இருப்பாள். மற்றப் பொறியியல் பிரிவுகளைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அவற்றைச் சொல்ல உங்கள் உறவினர்களே போதும்.

அவள் கேட்பதற்கு முறையான வழி இருக்கிறது. முதலில் ஐந்து வருட பி.ஆர்க்., அதாவது கட்டடக்கலை இளநிலைப் பட்டம்; சேர்வதற்கு வழக்கமாக நாட்டா என்ற கட்டடக்கலைத் திறனறித் தேர்வு எழுத வேண்டும். கல்லூரிக்குக் கட்டடக்கலை மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த மன்றத்தில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று பெயர் போட்டுக்கொள்ள முடியும். அதன்பின் இரண்டு வருட எம்.ஆர்க். என்ற முதுநிலைப் பட்டம், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் பிரிவில். டெல்லி, போபால் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகளிலும் அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்திலும் இந்தப் பிரிவு இருக்கிறது.

இந்தப் படிப்பில் அப்படி என்ன இருக்கிறது? அவள் வரைந்த அதே புதுச்சேரி வீதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழர் பகுதியில் பல வீடுகளுக்குக் கீழ்த்தளம் தமிழ் முறை: தெருவை ஒட்டித் தாழ்வாரம், திண்ணை, உள்ளே முற்றம். மாடி மட்டும் வளைவு ஜன்னலும் சுவரோடு ஒட்டிய தூண்களுமாகப் பிரெஞ்சுச் சாயலில் நிற்கும். அந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். தரையின் ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே ஆவியாக விட்டுவிடும். நல்லெண்ணத்தோடு ஒரு கொத்தனார் அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடுகிறது, உப்பு பூத்துப் பூச்சு உதிர்கிறது, சுவருக்குள் செருகிய உத்தரத்தின் முனை உளுத்துப்போகிறது. மெட்ராஸ் டெரஸ் கூரையில் மரச்சட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்துவசமாக, சாய்வரிசையில் அடுக்கியிருப்பார்கள். ஒரு சட்டம் கெட்டால் கூரை முழுவதையும் இடித்துக் கான்கிரீட் போடுவதா, அந்தச் சட்டத்தை மட்டும் மாற்றுவதா? அதை முடிவு செய்யத்தான் படிப்பு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சாந்தில் எவ்வளவு சேர்ப்பது என்பதை வயதான கொத்தனாரிடம் கேட்டு எழுதி வைப்பதும் இந்த வேலைதான். தெரு முழுவதையும் அளந்து வரைவது, வீட்டுக்காரர்களிடம் பேசி ஒத்துக்கொள்ள வைப்பது, நகராட்சி விதிகளோடு மல்லுக்கட்டுவது எல்லாம் இதில் சேர்த்தி.

இது வெறும் ஆசைக் கனவு என்று பெரியப்பா சொன்னால், வைசியாள் வீதிக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். அந்தத் தெருவின் வீடுகளைச் சீரமைத்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. அங்கிருந்து கடற்கரைக்கு நடந்தால் மேரி கட்டடம், பிரெஞ்சுக் காலத்து நகராட்சி மாளிகை. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். சென்னையில் 2012இல் தீப்பிடித்த சேப்பாக்கம் கலச மகாலை மீட்டது நம் பொதுப்பணித் துறை. இந்தப் பணிகளுக்கு ஆள் வேண்டும். வேலை தருபவர்கள் அரசுத் துறைகள், பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் போன்ற அமைப்புகள், தனி ஆர்க்கிடெக்ட் அலுவலகங்கள், பழைய வீடுகளை விடுதியாக்கும் உரிமையாளர்கள். பெண் பிள்ளை சாரத்தில் ஏறுவதா என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்பார்கள். ஏறத்தான் வேண்டும்.

இனி பணம். இதில் நான் வளைந்துகொடுக்க மாட்டேன். ஆரம்பச் சம்பளம் கணினித் துறையைவிடக் குறைவாகவே இருக்கும், படிப்பும் மொத்தம் ஏழு வருடம். அதனால் கலந்தாய்வில் கிடைக்கும் அரசு இடம், அல்லது உங்கள் வருமானம் தாங்கும் கட்டணம், இரண்டில் ஒன்றுதான். பி.ஆர்க். சீட்டையும் நிர்வாக ஒதுக்கீட்டில் வாங்காதீர்கள். நிலம் போவது எந்தப் படிப்புக்காக என்றாலும் போனது போனதுதான். வரைபொருள், மாதிரி செய்யும் அட்டை, கல்விப் பயணம் என்று கட்டணத்துக்கு மேலும் செலவு வரும், அதைக் கணக்கில் வையுங்கள். எம்.ஆர்க். படிக்கும்போது கேட் (GATE) நுழைவுத் தேர்வுத் தகுதியோடு சேர்ந்தவர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு, பி.ஆர்க். கடைசி வருடத்திலேயே அதற்குத் தயாராகட்டும். கடன் வாங்கி ஐரோப்பாவுக்குப் போகும் யோசனை பிறகு எழுந்தால் மறுத்துவிடுங்கள். அந்தக் கடனை இங்கே வாங்கும் சம்பளத்தில் அடைக்க முடியாது. தவிர, நம் சுண்ணாம்புச் சுவரை அறிந்தவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.

மகளுக்கும் ஒரு வேலை. கதவு அழகாக இருக்கிறது என்று வரைவது வேறு, அந்த வீட்டை டேப் பிடித்து அளந்து தரைப்படம் போடுவது வேறு. அத்தை வீட்டிலேயே தங்கி, அனுமதி தரும் ஒரு பழைய வீட்டை அறை அறையாக அளந்து வரையட்டும். வெயிலும் தூசியும் தப்பான அளவுகளும் சேர்ந்து அவளைச் சலிப்படைய வைத்தால் சாதாரண பி.ஆர்க். போதுமா, வேறு ஏதாவதா என்று அப்போது பேசலாம். திரும்பவும் அளக்கப் போகிறாள் என்றால் என்னிடம் கேட்க ஒன்றும் இல்லை.

பெரியப்பா பேசிவைத்த சீட்டுக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டாதீர்கள். உங்கள் அண்ணனிடம் அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். மகளைத் தூது அனுப்ப வேண்டாம்.