திட்டத்தை மாற்றும் முன் அமர்வைப் பாருங்கள்

திட்டத்தை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். குழந்தைகளின் நடத்தையை ஆராய்ந்து மாற்றத் திட்டம் எழுதும் நடத்தைப் பகுப்பாய்வாளராகச் சான்றிதழ் வாங்கி முதல் மாதம், நீங்கள் எழுதிய திட்டம் மூன்று வாரமாகியும் குழந்தையின் கத்தலைக் குறைக்கவில்லை, எனக்கு இந்த வேலை வராதோ என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் காகிதத்தில் இருப்பது அறைக்குள் நடப்பதில்லை, அதுதான் காரணம்.

கத்தினால் பொம்மை இல்லை, கையை நீட்டிக் கேட்டால் உண்டு என்று எழுதியிருப்பீர்கள். குழந்தையோடு அமர்வு நடத்தும் பயிற்சியாளர்களில் ஒருவர் அப்படியே செய்வார். இன்னொருவர் நான்காவது கத்தலில் "சரி, இந்தா" என்று கொடுத்துவிடுவார். எப்போதாவது பலன் கிடைக்கிற நடத்தைதான் எளிதில் விடாது.

1. திட்டத்தின் படிகளை ஆம்/இல்லை பட்டியலாக எழுதுங்கள்.
2. ஒவ்வொரு பயிற்சியாளரின் அமர்விலும் ஓரமாக உட்கார்ந்து குறியுங்கள். பத்துக்கு எட்டுப் படிகூடச் சரியாக நடக்கவில்லை என்றால், நீங்களே செய்து காட்டி, அவர்களையும் செய்யவைத்துப் பழக்குங்கள். மின்னஞ்சலில் சொன்னால் போதாது.

எல்லாம் சரியாக நடந்தும் குறையவில்லை என்றால், கத்தலின் காரணத்தை மறுபடி மதிப்பிடுங்கள்.

பலனை நிறுத்தியதும் கத்தல் சில நாள் கூடலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் குழந்தை தன்னையே அடித்துக்கொண்டால் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அனுபவமுள்ள ஒரு பகுப்பாய்வாளரைக் கூப்பிடுங்கள்.