ரூபி எழுத எந்த எடிட்டர்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேறொரு நிரல்மொழியில் ஓரளவு பழகிவிட்டு, இப்போது ரூபி கற்கத் தொடங்கியிருக்கிறேன். விஎஸ் கோட், ரூபிமைன், விம், சப்ளைம் டெக்ஸ்ட் என்று ஆளுக்கொன்றைச் சொல்கிறார்கள். எதில் தொடங்குவது?

பதில்: ஏற்கெனவே ஓர் எடிட்டர் உங்கள் கைக்குப் பழகியிருந்தால் அதிலேயே தொடங்குங்கள். புதிய மொழியையும் புதிய எடிட்டரையும் ஒரே நேரத்தில் கற்க முயன்றால் இரண்டுமே தாமதப்படும். அப்படி எதுவும் பழக்கத்தில் இல்லையென்றால் விஎஸ் கோடை நிறுவி, ஷாப்பிஃபை நிறுவனத்தின் பொறியாளர்கள் உருவாக்கிய 'ரூபி எல்எஸ்பி' என்ற எக்ஸ்டென்ஷனை அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய பயிற்சிக் கட்டுரைகள் பலவும் வெறுமனே 'ரூபி' என்ற பெயருள்ள எக்ஸ்டென்ஷனைப் பரிந்துரைக்கும். அது கைவிடப்பட்டுவிட்டது, அதைத் தேடிப் போக வேண்டாம்.

இந்தத் தேர்வைக் குறித்து நீங்கள் அதிகம் கவலைப்படத் தேவையில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பெல்லாம் ஒரு மொழியைப் புரிந்துகொள்ளும் திறனை ஒவ்வோர் எடிட்டரும் தனக்குள்ளேயே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. 2016-இல் மைக்ரோசாஃப்ட் முன்வைத்த 'லாங்குவேஜ் சர்வர்' நெறிமுறை வந்தபிறகு, அந்தத் திறன் தனி நிரலாக ஓடுகிறது. எடிட்டர் அதனிடம் கேள்வி கேட்டு விடை வாங்கிக் காட்டுகிறது. ரூபி எல்எஸ்பி அத்தகைய நிரல்தான். அதையே நியோவிம், ஈமேக்ஸ், சப்ளைம் டெக்ஸ்ட் ஆகியவற்றிலும் இணைத்துக்கொள்ள முடியும் என்பதால், நாளை எடிட்டரை மாற்றினாலும் நீங்கள் கற்றது பெரும்பாலும் உங்களுடனேயே வரும். எடிட்டர்கள் மறைவதும் உண்டு. ரூபி எழுதுவோர் பலர் விரும்பிய 'ஆட்டம்' எடிட்டரை கிட்ஹப் நிறுவனம் 2022 டிசம்பரில் நிறுத்தியது. நெட்பீன்ஸ் 2011-இலேயே ரூபிக்கான ஆதரவைக் கைவிட்டது.

தொடக்கத்தில் பலரைத் தடுமாற வைப்பது எடிட்டர் அல்ல, ரூபியின் பதிப்புதான். ஆர்பிஎன்வி போன்ற பதிப்பு மேலாண்மைக் கருவியைப் பயன்படுத்துவோருக்கு டெர்மினலில் ஒரு ரூபியும், எடிட்டருக்குள் கணினியோடு வந்த வேறொரு பழைய ரூபியும் அகப்படுவது வழக்கமாக நேர்கிறது. எக்ஸ்டென்ஷன் ஓடாமல் முரண்டு பிடித்தால், அதன் அமைப்புகளில் எந்த மேலாண்மைக் கருவி குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். விண்டோஸ் பயன்படுத்துவோர், குறிப்பாக ரூபியில் வலைச் செயலிகள் எழுத உதவும் ரெயில்ஸ் சட்டகத்தைக் கற்க விரும்புவோர், டபிள்யூஎஸ்எல் என்ற விண்டோஸ் வசதி வழியாக லினக்ஸை நிறுவி அதற்குள் ரூபியை வைத்துக்கொண்டால் ஜெம்களை (ரூபியின் நிரல் தொகுப்புகளை) நிறுவும்போது எழும் தொல்லைகள் பல குறையும்.

கேள்வி: ஜாவாவில் ஒரு மெத்தட்டின் பெயரைச் சொடுக்கினால் அது எழுதப்பட்ட இடத்துக்கு நேராகப் போக முடிகிறது. ரூபியில் சில சமயம் பத்து இடங்களைக் காட்டுகிறது, சில சமயம் எதையுமே காட்டுவதில்லை. நான் தேர்ந்த எடிட்டர் தவறானதா?

பதில்: இதில் எடிட்டரின் குறை சிறிது, ரூபியின் இயல்பு பெரிது. ஜாவாவில் ஒரு மாறி எந்த வகையைச் சேர்ந்தது என்பது நிரலிலேயே எழுதப்பட்டிருக்கிறது அல்லது அதிலிருந்து உறுதியாக வருவிக்கப்படுகிறது. ரூபியிலோ அந்த மாறிக்குள் என்ன வந்து சேரும் என்பது நிரல் ஓடும்போதுதான் முடிவாகிறது. 'நேம்' என்ற மெத்தட் பத்து கிளாஸ்களில் இருந்தால், நீங்கள் குறிப்பிடுவது எதை என்று உறுதிசெய்ய வழியில்லாத நிலையில், பத்தையும் காட்டுவதுதான் எடிட்டர் செய்யக்கூடிய நேர்மையான செயல்.

எதையுமே காட்டாமல் போவதற்கு வேறு காரணம் உண்டு. ரூபியில் மெத்தட்டுகளை நிரல் ஓடும்போதே உருவாக்கலாம். ரெயில்ஸில் ஒரு மாடல் கோப்பைத் திறந்து பார்த்தால் கிளாஸ் அறிவிப்பைத் தவிர ஒரு வரிகூட இல்லாமல் இருக்கலாம்; ஆயினும் தரவுத்தள அட்டவணையின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு மெத்தட் அந்த மாடலுக்கு இருக்கும். கோப்பில் எழுதப்படாத ஒன்றை, கோப்பை மட்டும் படிக்கும் கருவி எப்படிக் கண்டுபிடிக்கும்? இந்த இடைவெளியை ரூபிமைன் ரெயில்ஸைப் பற்றித் தனக்குள் பொதிந்துள்ள அறிவைக் கொண்டு நிரப்புகிறது. ரூபி எல்எஸ்பியின் ரெயில்ஸ் துணைக்கருவி, உங்கள் செயலியைப் பின்னணியில் இயக்கி அதனிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறது. வகைகளை நீங்களே எழுதித் தரும் வழியும் உண்டு: 2020-இல் வந்த ரூபி 3.0-உடன், வகைகளை விவரிக்கும் மொழியான ஆர்பிஎஸ் சேர்க்கப்பட்டது. ஸ்ட்ரைப் நிறுவனம் உருவாக்கிய சார்பெட் என்ற வகைச் சரிபார்ப்புக் கருவி அதற்கு முன்பே வெளிவந்தது. பலர் சேர்ந்து எழுதும் பெரிய நிரலுக்கு அந்த உழைப்பு பயன் தரும்; கற்பவருக்கு அது வீண் சுமை.

எடிட்டரால் சொல்ல முடியாததை ஓடிக்கொண்டிருக்கும் நிரலிடமே கேட்கும் பழக்கம் ரூபி எழுதுவோருக்கு இன்றியமையாதது என்றே நான் கருதுகிறேன். ரூபியை வரிவரியாக இயக்கிப் பார்க்க உதவும் ஐஆர்பியில் ஒரு பொருளை எடுத்து, அதன் மெத்தட்டைப் பெற்று, 'சோர்ஸ் லொகேஷன்' என்று கேட்டால், அது எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் உள்ளது என்று ரூபியே விடை சொல்லும். சி மொழியில் எழுதப்பட்ட உள்ளமைந்த மெத்தட்டுகளுக்கு மட்டும் வெறும் 'நில்' கிடைக்கும். சந்தேகமான இடத்தில் 'பைண்டிங்.ஐஆர்பி' என்று ஒரு வரி எழுதினால், நிரல் அங்கே நின்று, அந்த நொடியில் உள்ள மாறிகளையெல்லாம் உங்கள் முன் வைக்கும். ரூபி 3.1 முதல், பிழை தேட உதவும் டீபக்கரான 'டீபக்' ஜெம்மும் உடன் வருகிறது. விஎஸ் கோடில் வரியின் ஓரத்தில் புள்ளி வைத்து நிரலை நிறுத்தும் வசதி அதன் துணையால்தான் இயங்குகிறது. எடிட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது, அதன் வண்ணங்களையும் வேகத்தையும்விட, இந்த டீபக்கர் அதில் எளிதாக இணைகிறதா என்பதைச் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: ரூபிமைனுக்குப் பணம் கொடுப்பது தகுமா?

பதில்: நாள் முழுவதும் பெரிய ரெயில்ஸ் செயலியில் வேலை செய்பவருக்குத் தகும். ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் இந்தக் கருவியில் டீபக்கர், சோதனைகளை இயக்கும் வசதி, பெயர் மாற்றம், தரவுத்தளப் பார்வை அனைத்தும் நிறுவியவுடனேயே கிடைக்கின்றன. எக்ஸ்டென்ஷன்களைத் தேடிப் பொருத்தும் நேரம் மிச்சமாகிறது. நினைவகம் குறைந்த கணினியில் அது திணறும் என்பதையும், புதிய திட்டத்தைத் திறந்ததும் அட்டவணைப்படுத்தி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மாணவர்களுக்கும் வணிகமல்லாத பயன்பாட்டுக்கும் கட்டணமில்லை என்பதால் முதலில் பயன்படுத்திப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். சிறிய ஸ்கிரிப்டுகள் மட்டும் எழுதுபவருக்கு இது தேவையே இல்லை.

கேள்வி: உண்மையான ரூபி நிரலாளர் விம் அல்லது ஈமேக்ஸைத்தான் பயன்படுத்துவார் என்கிறார்களே?

பதில்: ரூபியை உருவாக்கிய யுகிஹிரோ மாட்சுமோட்டோ ஈமேக்ஸ் பயன்படுத்துபவர், அதற்கான ரூபி மோடையும் அவரே எழுதினார். அது அவரது பழக்கமேயன்றி உங்களுக்கு விதி அல்ல. தொலைவிலுள்ள சர்வர்களில் அடிக்கடி வேலை செய்பவர் விம் கற்றால் நல்ல பயன் உண்டு. ரூபிக்காக மட்டும் கற்க வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் குழுவில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் எடிட்டர் வைத்திருக்கிறோம். அனைவரும் ஒன்றுக்கு மாற வேண்டுமா?

பதில்: வேண்டாம். வரி உள்தள்ளலுக்கு இரண்டு இடைவெளி என்பது போன்ற பொது அமைப்புகளை எடிட்டர்கான்ஃபிக் கோப்பிலும், நடை விதிகளை, நிரலின் நடையைச் சரிபார்த்துத் திருத்தும் கருவியான ரூபோகாப்பின் கோப்பிலும் எழுதித் திட்டத்துடனேயே வைத்துவிட்டால், எந்த எடிட்டரிலிருந்து எழுதினாலும் நிரல் ஒரே வடிவில் இருக்கும். பழைய திட்டத்தில் ரூபோகாப்பைப் புதிதாகச் சேர்ப்பதாயின் மட்டும் எச்சரிக்கை தேவை. சேமிக்கும்போதே திருத்தும் வசதியை யாராவது இயக்கியிருந்தால், அவர் மாற்றிய இரண்டு வரிகள் கருவி மாற்றிய நூற்றுக்கணக்கான வரிகளுக்குள் மறைந்துபோய், அதைச் சரிபார்ப்பவருக்கு எது எதற்கென்று விளங்காது. வடிவத் திருத்தம் முழுவதையும் முதலில் தனியொரு கமிட்டாகச் செய்து இணைத்துவிட்டு, அதன்பின் அந்த வசதியை அனைவரும் இயக்கிக்கொள்ளுங்கள்.