மூன்று இறுதிப் போட்டிகளிலும் தோற்ற ஸ்லோவேனியாவை ராசியில்லாத அணி என்று சொல்லலாமா?

(கேள்வி: ஐரோப்பிய ஆண்கள் கைப்பந்து சாம்பியன்ஷிப்பில் 2015, 2019, 2021 என மூன்று முறை இறுதிப் போட்டிக்கு வந்து மூன்றிலும் தோற்ற அணி ஸ்லோவேனியா. அதை ராசியில்லாத அணி என்று சொல்வது சரிதானே?)

சரியில்லை. அப்படிச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் போலந்துக்குப் போய், கைப்பந்து பார்க்கிற யாரிடமாவது சொல்லிப் பார்க்கட்டும். அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்தால் கேள்வியையே திருப்பி எடுத்துக்கொள்வீர்கள்.

நீங்கள் பதக்கப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தங்கம் இல்லை, வெள்ளி மூன்று என்று கண்டதும் யாருக்கும் தோன்றக்கூடியதுதான். அல்லது நீங்களே ஏதாவது கல்லூரி அணியில் ஆடி, இறுதிப் போட்டியில் தோற்று, யாரிடமோ இந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அப்படியானால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நானும் வாங்கியவன்.

முதலில் போலந்துக் கணக்கு. 2014இல் போலந்து உலகச் சாம்பியன். அடுத்த ஆண்டு ஐரோப்பியப் போட்டியின் காலிறுதியில் அவர்களை ஐந்து செட்டில் வீழ்த்தியது ஸ்லோவேனியா. 2017இல் போட்டியை நடத்தியதே போலந்து. கிராக்கோவில் சொந்த ரசிகர்கள் முன்னால் மூன்று நேர் செட்டில் ஸ்லோவேனியாவிடம் தோற்று, காலிறுதியைக்கூடப் பார்க்காமல் வெளியேறினார்கள். 2018இல் மறுபடியும் உலகச் சாம்பியன். 2019இல் லியூப்லியானாவில் அரையிறுதி. மறுபடியும் ஸ்லோவேனியா, மறுபடியும் தோல்வி. சுமார் 20 லட்சம் பேர் வாழும் நாடு, கிட்டத்தட்ட 4 கோடிப் பேர் வாழும் நாட்டைத் தொடர்ந்து இப்படிச் செய்துகொண்டிருந்தது. போலந்துக்காரர்களுக்கு ஸ்லோவேனியா ராசியில்லாத அணி அல்ல, தங்களைப் பிடித்த சனி.

இப்போது என் கதை. 2021இல் நான் கிராக்கோவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அந்த ஆண்டு போட்டியைப் போலந்து, செக் குடியரசு, எஸ்டோனியா, ஃபின்லாந்து நான்கும் சேர்ந்து நடத்தின. அரையிறுதியும் இறுதியும் கட்டோவிட்சேயில். கிராக்கோவிலிருந்து காரில் போய்விடலாம். அலுவலக நண்பர் ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அரையிறுதிக்கு டிக்கெட் எடுத்துவைத்துக்கொண்டு என்னையும் அழைத்தார். நான் கல்லூரியில் செட்டராக, அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவனாக, ஆடியவன் என்று அவரிடம் எப்போதோ சொல்லியிருந்தேன்.

கட்டோவிட்சேயின் ஸ்போடெக் அரங்கத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். வானத்திலிருந்து இறங்கிய தட்டு மாதிரி இருக்கும். 1971இல் திறந்தது. 2014இல் போலந்து பிரேசிலை வென்று உலகக் கோப்பையைத் தூக்கியது இங்கேதான். அதனால் அன்று உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் இந்த முறை கணக்குத் தீரும் என்ற நம்பிக்கை இருந்தது. வெள்ளையும் சிவப்பும் தவிர வேறு நிறமே கண்ணில் படவில்லை. இசை நின்ற பிறகும் கூட்டம் தேசிய கீதத்தைத் தானே பாடி முடித்தது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை.

முதல் செட் 25-17, போலந்துக்கு. நண்பர் பீர் வாங்கி வந்தார், எனக்கும் ஒன்று. இரண்டாவது செட்டில் அந்த பீர் சூடாகிப்போனது. 30க்கு மேல் இழுத்து 32-30 என்று ஸ்லோவேனியா எடுத்தது. மூன்றாவது 25-16, அதைப் பற்றிப் பேச எதுவுமில்லை, ஸ்லோவேனியா அடித்துத் துவைத்துவிட்டது.

நான்காவது செட்டைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை. கைப்பந்து தெரியாதவர்களுக்கு: மூன்று செட் எடுப்பவருக்கு ஆட்டம். ஒரு செட் 25 புள்ளி (ஐந்தாவது மட்டும் 15), ஆனால் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும், வராவிட்டால் வரும்வரை ஆட வேண்டியதுதான். இந்த செட் முடிந்தது 37-35 என்று. 24-24க்குப் பிறகு நடந்ததைக் கணக்கிட்டுப் பாருங்கள், ஏறக்குறைய இன்னொரு அரை செட். போலந்து ஒரு புள்ளி முன்னால் போனால் ஐந்தாவது செட்டுக்கு வாசல் திறக்கிறது. ஸ்லோவேனியா முன்னால் போனால் ஆட்டமே முடிகிறது. ஸ்லோவேனியா சர்வீஸ் போடும்போதெல்லாம் விசில் சத்தம் காதைத் துளைத்தது. பக்கத்தில் நண்பர் முகக்கவசத்தைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது ஸ்லோவேனியாவின் செட்டரை. செட்டராக ஆடியவன் வேறு யாரைப் பார்ப்பான்? இந்த மாதிரி நேரத்தில் செட்டருடைய கை, பழகிய ஆளிடமே திரும்பத் திரும்பப் போகும். எதிரணியின் பிளாக், வலையருகே எம்பித் தடுக்கிற கைகள், அதற்காகத்தான் காத்திருக்கும். உர்னாவுட்டுக்கா, செபுலுக்கா, வலப்பக்கம் ஷ்டெர்னுக்கா, நடுவில் வேகப் பந்தா என்பதை அரை நொடிக்குள் முடிவுசெய்ய வேண்டும். முடிவு தவறினால் பன்னிரண்டாயிரம் தொண்டைகளும் சேர்ந்து எக்காளமிடும். 30க்கு மேலும் அந்தக் கை நடுங்கவில்லை, பந்தும் ஒருவரிடமே தேங்கவில்லை. இதை ராசியில்லாதவர்கள் செய்கிற வேலை என்று சொல்வதானால் எனக்குத் தமிழ் தெரியாது என்றுதான் அர்த்தம்.

கடைசிப் புள்ளி விழுந்தபோது நான் கைதட்டவில்லை. போலந்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு எதிரணிக்கு ஆதரவா என்று இங்கே ஒருவர் கட்டாயம் கேட்பார். அவருக்காக இதைச் சொல்லிவைக்கிறேன். தவிர, நான் வீடு திரும்ப வேண்டியது நண்பருடைய காரில். வழியெல்லாம் அவர் பேசவில்லை. கிராக்கோ எல்லைக்குள் வந்த பிறகு, “மறுபடியும் அவர்கள்” என்று மட்டும் சொன்னார்.

எனக்கு இந்த ராசி விஷயத்தில் ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். கல்லூரியில் நான் ஆடிய இறுதிப் போட்டிகளில் எங்கள் அணி தோற்றிருக்கிறது. கடைசி ஆண்டு, மண்டல இறுதிப் போட்டியன்று, உடற்கல்வி இயக்குநர் என்னை வெளியே உட்காரவைத்தார். காயமில்லை, ஆட்டத்தில் குறையில்லை. அரையிறுதிவரை நான்தான் செட்டர். “இவன் இறங்கினால் ஃபைனல் விளங்காது” என்று மற்றவர்கள் காதுபடச் சொன்னார். நான் இறங்காமலே நேர் செட்களில் தோற்றோம். அந்தத் தோல்விக்கு யாருடைய ராசி காரணம் என்று அவர் யாருக்கும் விளக்கவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். என் அக்காவுக்கு மூல நட்சத்திரம். “பெண் மூலம் நிர்மூலம்” என்று யாரோ எதுகைக்காகக் கட்டிவிட்ட ஒரு வரிக்காக, எம்.எஸ்ஸி. முடித்து வேலைக்கும் போய்க்கொண்டிருந்த பெண்ணை எத்தனை வீட்டார் பார்க்காமலே வேண்டாம் என்றார்கள்! மாமனாருக்கு ஆகாதாம். ஒரு தரகர், பிறந்த நேரத்தை இருபது நிமிடம் நகர்த்தி வேறு ஜாதகம் எழுதித் தருகிறேன் என்று கூசாமல் கேட்டார், அதற்குத் தனிக் கட்டணம். அப்பா அவரை வாசலோடு அனுப்பினார். கடைசியில் ஜாதகம் பார்க்காத குடும்பத்தில்தான் திருமணம் நடந்தது. அக்காவின் மாமனாருக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. சர்க்கரை இருக்கிறது, சொல் பேச்சுக் கேட்காமல் அதிரசம் சாப்பிடுகிறார், வேறு குறை ஒன்றுமில்லை. இதற்கும் கைப்பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று எழுதாதீர்கள். சம்பந்தமில்லை என்று எனக்கும் தெரியும்.

சரி, இறுதிப் போட்டிகள். 2015இல் சோஃபியாவில் பிரான்சிடம் மூன்று நேர் செட்டில் தோற்றார்கள். கேட்க ஒருதலைப்பட்சமாக இருக்கும். ஆனால் பின்னிரண்டு செட்களும் 29-27. எதிரே பிரான்சின் எர்வின் ங்காபெத் இருந்தார், அவர் அன்று ஆடிய ஆட்டத்துக்கு யார் நின்றிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். 2019இல் அரையிறுதி சொந்த ஊரில், இறுதி பாரிஸில். முதல் செட்டை எடுத்துவிட்டு அடுத்த மூன்றையும் செர்பியாவிடம் விட்டார்கள். செர்பியா அன்று சர்வீஸில் மேலே இருந்தது, அவ்வளவுதான்.

2021தான் நெஞ்சில் நிற்பது. 37-35க்கு அடுத்த நாளே இத்தாலியுடன் இறுதி. ஸ்லோவேனியா இரண்டுக்கு ஒன்று என்று முன்னிலை பெற்று, 3-2 என்று தோற்றது. ஐந்தாவது செட் 15-11. இத்தாலியும் முந்தின நாள் நான்கு செட் ஆடித்தான் வந்தது, அதனால் களைப்பை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் வயதைப் பாருங்கள். உர்னாவுட்டுக்கு 33, நடுவில் தடுத்த பயெங்குக்கு 35. எதிரே மிக்கியெலெட்டோவுக்கு 19, லாவியாவுக்கு 21. டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதியில் இத்தாலி அர்ஜென்டினாவிடம் தோற்ற பிறகு, புதிய பயிற்சியாளர் டி ஜோர்ஜி இளைஞர்களை வைத்துக் கட்டிய அணி அது. ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் கோப்பையை எடுத்தது. அடுத்த ஆண்டு அதே ஸ்போடெக்கில் போலந்தை வென்று உலகச் சாம்பியனும் ஆனது. உர்னாவுட், செபுல், பயெங்க் மூவரும் 2015லிருந்து அணியைச் சுமந்தவர்கள். இத்தாலியில் ஒருவர் சோர்ந்தால் அதே தரத்தில் இன்னொருவர் எழுந்து வருவார். ஸ்லோவேனியாவில் அந்த வரிசை நீளம் குறைவு. ஐந்தாவது செட்டின் கடைசிப் புள்ளிகளில் தெரிவது கால்கள் எவ்வளவு மிச்சம் என்பதுதான். வலையில் பட்டு அந்தப் பக்கம் உருளும் பந்து அதிர்ஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். அது எல்லோருக்கும் உருளும்.

இறுதியில் தோற்பதுதான் ராசியின்மை என்றால் நெதர்லாந்தை என்ன செய்வது? 1993, 1995 இரண்டு ஐரோப்பிய இறுதிகளிலும் இத்தாலியிடம் தோற்றார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் இறுதியில் அதே இத்தாலியை ஐந்தாவது செட்டில் 17-15 என்று சாய்த்துத் தங்கம் வாங்கினார்கள். 1997இல் சொந்த மண்ணில் ஐரோப்பியக் கோப்பை. பிரான்சு 1987, 2003, 2009 இறுதிகளில் தோற்றுத்தான் 2015க்கு வந்தது. 2015இல் ஸ்லோவேனியாவின் பயிற்சியாளர் ஆந்த்ரேயா ஜானி. வீரராக இருந்தபோது இத்தாலிக்காக இந்தக் கோப்பையைப் பலமுறை தூக்கியவர். 2017இல் ஜெர்மனியை இறுதிவரை கூட்டிவந்து ரஷ்யாவிடம் ஐந்து செட்டில் இழந்தார். அன்று அவருக்கும் இதே பட்டத்தைச் சூட்டியிருப்பீர்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்சுக்குத் தங்கம் வாங்கிக்கொடுத்த பயிற்சியாளர் அவர்தான்.

தங்கம் வாங்கினால்தான் மதிப்பு என்று வாதிடுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. தங்கம் தங்கம்தான், ஸ்லோவேனியாவிடம் அது இன்னும் இல்லை. 2023 ரோம் அரையிறுதியில் போலந்து ஒருவழியாகப் பழைய கணக்கைத் தீர்த்தது, 3-1. கிராக்கோ நண்பர் அன்று இரவு எனக்கு அனுப்பிய செய்தியில் எழுத்தே இல்லை, வெறும் ஆச்சரியக்குறிகள். தோற்ற ஸ்லோவேனியா மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பிரான்சைச் சந்தித்தது. அப்போதைய ஒலிம்பிக் சாம்பியன், 2015இல் இவர்களை இறுதியில் மடக்கிய அதே நாடு. அந்த ஆட்டமும் ஐந்தாவது செட்டுக்குத்தான் போனது. வென்றது ஸ்லோவேனியா.