ஹேர்மிஸ் கப்பலைப் பிள்ளையோட பார்க்கலாமா?

தங்கச்சி, ரெண்டு வயது மகளை போட்டில ஏத்திக்கொண்டு ஹேர்மிஸ் கப்பல் பார்க்கப் போகலாமா எண்டு கேட்டிருந்தீங்க. வேண்டாம். 1942 ஏப்ரல் 9இல ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டுத் தாட்ட அந்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடல்ல 50 மீற்றருக்கும் கீழ கிடக்கு. 40 மீற்றர் வரை இறங்குற சுழியோடிகளுக்கே எட்டாத ஆழம். மேல நிண்டு பார்த்தா வெறும் கடல்தான், பிள்ளைக்கு அலையும் வெயிலும்தான் மிச்சம்.

பின்னேரம் முகத்துவாரம் வெளிச்சவீட்டடிக்குப் போங்க. அங்க வாவியில போட் ஏறுறதெண்டா, பிள்ளையின்ட அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கா எண்டு முதல்ல கேளுங்க. பெரியாக்கள்ர ஜாக்கெட் தலையால கழண்டிரும். அதைப் போட்டு ஏத்தவே ஏத்தாதீங்க. தண்ணியில விளையாட பாசிக்குடா நல்லம், கனதூரத்துக்கு ஆழமில்ல. வெயில் ஏற முன்னம் போயிருங்க.